தேயிலையைச் சுமந்த மரத்தாள்: லூதர் குடும்பத்து ஆலையின் வரலாறு

ஏ. எம். லூதர் நிறுவனம் பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் உள்ள தாலின் நகரில் வளர்ந்த குடும்பத் தொழில். இன்று எஸ்தோனியாவின் தலைநகராக இருக்கும் அந்த ஊர் அப்போது ரேவால் என்ற பெயரில் ரஷ்யப் பேரரசின் துறைமுகமாக இருந்தது. லூதர் குடும்பத்தார் பால்டிக் ஜெர்மானியர்கள். நிலமும் வணிகமும் பல நூற்றாண்டுகளாக அந்தச் சிறு வகுப்பாரின் கையில்தான் இருந்தன. வயலில் உழைத்தவர்களும் பின்னாளில் ஆலைகளில் உழைத்தவர்களும் பெரும்பாலும் எஸ்தோனியர்கள். குடும்பத்தின் வணிகம் 1742இல் கியோர்க் கிறிஸ்டியான் லூதரிடம் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் மார்ட்டின் லூதர் மரவணிகத்தில் கால் ஊன்றினார். நிறுவனத்தின் பெயரில் உள்ள ஏ. எம். என்ற எழுத்துகள் அவருடையவை. அவர் காலத்துக்குப் பின் மகன்கள் கிறிஸ்டியான், கார்ல் இருவரும் 1877இல் எந்திர மரவேலை ஆலை ஒன்றை நிறுவினார்கள். மரத்தை வாங்கி விற்ற குடும்பம் மரத்தைச் செய்பொருளாக்கும் குடும்பமாக மாறியது அந்த ஆண்டில்தான்.

பொருளாதார வரலாறு எழுதுவோர் சரக்கைப் பற்றி நிறையச் சொல்வார்கள், அது எந்தப் பெட்டியில் ஏறிப் போயிற்று என்று சொல்வதில்லை. லூதர் ஆலை உலகத்துக்குக் கொடுத்தவற்றில் முதன்மையானது ஒரு பெட்டி. இலங்கை மலைநாட்டிலும் இந்தியாவிலும் விளைந்த தேயிலை அந்தப் பெட்டியில்தான் கடல் கடந்தது. ஆகவே இந்தக் குடும்பத்தின் வரலாறு தாலின் நகரத்தோடு முடிந்துவிடுவதில்லை.

மரத்தை மெல்லிய தாளாக எடுக்கும் வித்தை மிகப் பழையது. பண்டைய எகிப்தின் கல்லறைகளிலேயே அரிய மரத்தின் மெல்லிய வில்லைகளைச் சாதாரண மரத்தின் மேல் ஒட்டிய பேழைகள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் நெடுங்காலம் இந்தத் தாளைக் கைரம்பத்தால் அறுத்தார்கள். அறுக்கும்போது தூளாகப் போகும் மரம் ஏறக்குறையத் தாளாகக் கிடைக்கும் மரத்தின் அளவுக்கே இருந்தது. இங்கிலாந்தில் மார்க் இசம்பார்ட் புரூனல் 1806இல் இதற்கென எந்திர ரம்பம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உண்மையான மாற்றம் ரம்பத்தைக் கைவிட்டுக் கத்தியைப் பிடித்தபோதுதான் வந்தது. ரம்பம் மரத்தைத் தின்னும், கத்தி தின்னாது.

உரிக்கும் கடைசல் எந்திரத்தின் வேலை இப்படி நடக்கும். வெட்டி வந்த அடிமரத்தை முதலில் வெந்நீரிலோ நீராவியிலோ ஊறவைப்பார்கள். நார் இளகும்வரை கத்தியை அதன் பக்கம் கொண்டுபோவதில்லை. பிறகு பட்டையைச் சீவி, தேவையான நீளத்துக்குத் துண்டாக்கி, துண்டின் இரு முனைகளையும் எந்திரம் கவ்வும்படி பொருத்துவார்கள். மரம் சுழலும். அதன் முழு நீளத்துக்கும் படிந்த கத்தி, சுற்றுக்குச் சுற்று ஒரே அளவாக உள்நோக்கி நகரும். சுருட்டி வைத்த பாயை விரிப்பதுபோல மரம் தாளாக விரிந்து வெளியே வரும். தாளின் கனம் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். கடைசியில் கத்தி தொட முடியாத ஒரு மெல்லிய தண்டு மட்டும் மிஞ்சும். நீளமாக வந்த தாளை வெட்டி, முடிச்சும் வெடிப்பும் உள்ள பகுதிகளைக் கழித்து, உலர்த்தி அடுக்குவார்கள்.

தனித் தாள் நாரின் திசையில் இழுத்தால் தாங்கும், குறுக்கே மடக்கினால் பிளந்துவிடும். ஒரு தாளின் மேல் அடுத்த தாளை நார் குறுக்காக ஓடும்படி வைத்துப் பசையிட்டு அழுத்தினால், ஒன்றின் பலவீனத்தை மற்றது மறைத்துக்கொள்ளும். ஈரம் பட்டு ஒரு தாள் அகல முயன்றால் குறுக்கே கிடக்கும் தாள் அதைப் பிடித்து நிறுத்தும். அடுக்கு பெரும்பாலும் மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் இருக்கும். நடுத்தாளின் இருபுறமும் இழுவிசை சமமாக இருந்தால்தான் பலகை கோணாமல் நேராக நிற்கும். ப்ளைவுட் என்று இன்று எல்லாரும் சொல்லும் ஒட்டுப்பலகையின் இலக்கணம் இவ்வளவுதான். அமெரிக்காவில் ஜான் மேயோ 1865இலேயே குறுக்கு அடுக்குப் பலகைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கருத்து புதிதல்ல, அதை நாள்தோறும் ஒரே தரத்தில், ஆயிரக்கணக்கில் செய்து தருவதுதான் கடினமாக இருந்தது. லூதர் சகோதரர்கள் கை வைத்தது அந்தக் கடினத்தில்.

அவர்களுக்கு வாய்த்த மரம் பிர்ச். வடக்கு ஐரோப்பாவின் காடுகளில் அது தானாக வளரும். தேக்கு, மகோகனி போன்ற பெருமை எதுவும் அதற்கு அங்கே இல்லை. விறகுக்கும் சில்லறைச் சாமானுக்குமே பெரும்பாலும் போயிற்று. ஆனால் உரிக்கும் கத்திக்கு அதைவிட இணக்கமான மரம் குறைவு. நார் நெருக்கமாகவும் அடிமுதல் நுனிவரை ஒரே சீராகவும் இருக்கும். நிறம் வெளிர். உலர்ந்தபின் வாசனை இருக்காது. பின்னாளில் தேயிலைக்கு இந்தக் கடைசிக் குணம்தான் பெரிதாக உதவியது.

ஆலையின் முதல் பெரிய செய்பொருள் நாற்காலியின் இருக்கை. வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் கொண்டுவந்த வளைமர நாற்காலி ஐரோப்பா முழுவதும் காபிக் கடைகளையும் வீடுகளையும் நிறைத்திருந்தது. அதன் இருக்கை பிரம்புப் பின்னல். உடல் பல ஆண்டுகள் தாங்கும். பிரம்போ கொஞ்ச காலத்தில் தொய்ந்து அறுந்துவிடும். மூன்று தாள்களை ஒட்டி, அச்சில் இலேசாகக் குழித்து, துளைகளால் கோலமிட்டுச் செய்த இருக்கை அதற்கு மாற்றாக வந்தது. நியூயார்க்கின் கார்ட்னர் நிறுவனம் 1870களில் இத்தகைய இருக்கைகளை விற்றுக்கொண்டிருந்தது. லூதர் ஆலை 1880களின் நடுவில் பிர்ச் இருக்கைகளைச் செய்யத் தொடங்கி ரஷ்யப் பேரரசின் பரந்த சந்தையைப் பிடித்தது.

இருக்கை வெற்றி பெற்றாலும் பலகையின் உயிர்நிலை பசையில் இருந்தது. தச்சர்கள் காலங்காலமாக நம்பிவந்தது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரம். வறண்ட அறைக்குள் அது இரும்பாகப் பிடிக்கும். ஈரத்தில் இளகி விட்டுவிடும். வஜ்ஜிரத்தில் ஒட்டிய பலகை மழையில் நனைந்தால் தாள் தாளாகப் பிரிந்துபோகும். ப்ளைவுட் என்றாலே மட்டமான சாமான் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்ததற்கு இது ஒரு காரணம். 1890களின் நடுவில் லூதர் ஆலை நீர் தாங்கும் பசையைத் தன் உற்பத்தியில் கொண்டுவந்தது. வரவேற்பறைக்குள் இருந்த பலகை அதன் பிறகு கப்பலின் அடித்தளத்துக்கும் போக முடிந்தது. பயணப்பெட்டி, தொப்பிப் பெட்டி, சரக்குப் பெட்டி என்று ஆலையின் பட்டியல் நீண்டது.

இதே காலத்தில் இலங்கையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காபித் தோட்டங்களை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. சென்னை மாகாணத்துச் சிற்றூர்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மலையேறினார்கள். 1873இல் லண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 ராத்தல். இருபதாண்டு கழியுமுன் அது கோடி ராத்தல் கணக்கில் வளர்ந்துவிட்டது. அவ்வளவு தேயிலைக்கும் பெட்டி வேண்டும்.

தேயிலைப் பெட்டி எளிதான சாமான் அல்ல. தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே பெட்டிக்குள் ஈயத்தாளால் உறை இடுவார்கள். சரியாகக் காயாத மரத்தில் பெட்டி செய்தால் மரத்தின் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். உறையில் துளை விழுந்தால் மரத்தின் நெடி தேயிலையில் ஏறும். லண்டனின் ருசி பார்ப்பவர் வாயில் வைத்த உடனேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார், சரக்கின் விலை விழும். உள்ளூர் மரத்தைக் கனமான பலகையாக அறுத்துச் செய்த பெட்டிகளுக்கு எடையும் அதிகம். கப்பல் கூலி அந்த எடைக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

வாசனையற்ற, மெல்லிய, நீர் தாங்கும் பிர்ச் பலகை இந்த எல்லாச் சிக்கல்களுக்கும் ஒருசேர விடையாக வந்தது. 1890களின் இறுதியில் லூதர் ஆலையின் பலகைகளை விற்பதற்கென்றே லண்டனில் வெனெஸ்டா என்ற நிறுவனம் உருவானது. பெட்டிகள் முழு வடிவில் கப்பலேறவில்லை. அளவாக வெட்டிய பலகைகள் கட்டுக்கட்டாகத் தட்டையாகப் போயின. மூலைகளுக்கான தகரப் பட்டைகளும் ஆணிகளும் உறைத்தாளும் கூடவே போயின. தோட்டத்தில் பெட்டியை முடுக்கினார்கள். மலைநாட்டில் ‘ஸ்டோர்’ என்றே இன்றும் வழங்கும் தேயிலை ஆலைக்குள் பலகைகளைப் பொருத்தி, தகரப் பட்டையை மூலையில் மடித்து ஆணி அடித்து, உறையிட்டு, ஏறக்குறைய நூறு ராத்தல் தேயிலையை இறுக நிரப்பி மூடுவார்கள். வெளியே தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் அச்சுத் தகட்டால் கறுப்பு மையில் பதியும். பால்டிக் கரையில் எஸ்தோனியத் தொழிலாளி உரித்த தாளின் மேல் மலைநாட்டில் தமிழ்த் தொழிலாளி ஆணி அடித்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பெட்டியைச் செய்து முடித்தார்கள்.

வெனெஸ்டா பெட்டியின் திறத்துக்கு இன்னொரு சாட்சி அண்டார்டிக்காவிலிருந்து வந்தது. எர்னெஸ்ட் ஷாக்கிள்டன் 1907இல் நிம்ராட் கப்பலில் தென்துருவம் நோக்கிக் கிளம்பியபோது உணவுப் பொருள்களைக் கட்ட சுமார் 2,500 வெனெஸ்டா பெட்டிகளை வாங்கினார். சாதாரணப் பெட்டியோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றிலும் நான்கு ராத்தல் எடை மிச்சம் என்று தன் பயண நூலில் அவரே கணக்குச் சொல்கிறார். ராய்ட்ஸ் முனையில் கட்டிய குடிலில் அந்தப் பெட்டிகள் அலமாரியாகவும் தடுப்புச் சுவராகவும் மறுபிறவி எடுத்தன. 1908ஆம் ஆண்டின் இருண்ட குளிர்காலத்தில் குழுவினர் கையோடு கொண்டுபோன சிறு அச்சு எந்திரத்தில் ‘அரோரா ஆஸ்ட்ராலிஸ்’ என்ற நூலை அச்சிட்டார்கள். அண்டார்டிக்காவிலேயே எழுதி, அச்சிட்டு, கட்டிய முதல் நூல் அது. அதற்குக் காகித அட்டை கிடையாது. பெர்னார்ட் டே என்பவர் காலிப் பெட்டிகளின் பலகையை வெட்டி, வழவழப்பாக்கி, தோலால் முதுகு வைத்துக் கட்டினார். அதனால் பல பிரதிகளின் உட்புறத்தில் பெட்டியில் இருந்த எழுத்துகள் தங்கிவிட்டன. ஒன்றில் ‘வெண்ணெய்’ என்பதற்கான ஆங்கிலச் சொல், இன்னொன்றில் ஐரிஷ் குழம்பு என்ற குறிப்பு. நூலகங்கள் இன்று அந்தப் பிரதிகளை அரும்பொருளாகப் பாதுகாக்கின்றன. கட்டியவரின் பெயரும் அச்சிட்டவர்களின் பெயரும் பதிவாகியிருக்கின்றன. பலகையை உரித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

முதல் உலகப் போர் ஆலையின் அடித்தளத்தை அசைத்தது. பால்டிக் கடலின் வணிகத் தடம் அடைபட்டது. போரின் முடிவில் ரஷ்யப் பேரரசே இல்லாமல் போயிற்று. எஸ்தோனியா 1918இல் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. 1919ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தம் பால்டிக் ஜெர்மானியரின் பண்ணைகளைப் பிரித்து எஸ்தோனிய உழவர்களுக்குக் கொடுத்தது. பல தலைமுறையாகத் தங்களைத் தாங்கிய நிலத்தை அந்த வகுப்பார் இழந்தார்கள். ஆலைகள் உரிமையாளர் கையிலேயே விடப்பட்டன. பிரபுக் குடும்பங்கள் நிலத்தோடு செல்வாக்கையும் இழந்த அதே காலத்தில் லூதர் குடும்பம் புதிய குடியரசின் முதன்மையான ஏற்றுமதியாளர்களில் ஒன்றாக நின்றது. ரஷ்யச் சந்தை மறைந்த இடத்தைப் பிரிட்டிஷ் சந்தை நிரப்பியது. தேயிலைப் பெட்டி அந்தச் சந்தையின் முதுகெலும்பு. அப்போது நிறுவனத்தை நடத்தியவர் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த மார்ட்டின் லூதர்.

1930களில் ஆலையின் பலகை எதிர்பாராத இடத்தில் மதிப்புப் பெற்றது. வெனெஸ்டாவில் வேலை பார்த்த ஜாக் பிரிட்சார்ட், ப்ளைவுட்டை வேறு மரத்தின் போலியாகக் காட்டாமல் அதன் சொந்த முகத்தோடு காட்ட வேண்டும் என்று நினைத்தவர். 1930இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கட்டடக் கண்காட்சிக்கு வெனெஸ்டாவின் கூடத்தை வடிவமைக்க அவர் அழைத்தது கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவின் குழுவை. பின்னர் அவர் தொடங்கிய ஐசோகான் நிறுவனத்துக்கு, நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி லண்டன் வந்திருந்த பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் முன்னாள் ஆசிரியர் மார்செல் பிராயர் 1930களின் நடுவில் ஒரு சாய்நாற்காலியை வரைந்து கொடுத்தார். நெடுநாற்காலி என்று புகழ்பெற்ற அதன் இருக்கை தலையணை முதல் கால்வரை ஒரே பலகையில் அலையாக வளைந்து செல்லும். அப்படி ஒரு பலகையை விரிசல் இல்லாமல் அச்சில் அழுத்தி எடுக்கும் கைப்பழக்கம் தாலினில் இருந்தது. இருக்கைகள் லூதர் ஆலையில் உருவாகி லண்டனுக்குக் கப்பலேறின. நாற்காலி இருக்கையில் தொடங்கிய ஆலை அரை நூற்றாண்டுக்குப் பின் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த நாற்காலிகளில் ஒன்றுக்கு இருக்கை செய்தது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்த நாற்காலி இருக்கிறது. வடிவமைப்பு வரலாற்றில் பிராயரின் பெயர் முன்னால் வரும். அந்த வளைவைச் சாத்தியமாக்கிய தொழிலறிவு, இருக்கைகளும் தேயிலைப் பெட்டிகளும் செய்து செய்து திரண்டது.

முடிவு விரைவில் வந்தது. 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட உடன்படிக்கை பால்டிக் நாடுகளைப் பங்கு போட்டது. அதைத் தொடர்ந்து எஸ்தோனியாவின் ஜெர்மானியர்களை ஜெர்மனி திரும்ப அழைத்தது. பல நூற்றாண்டுகள் வேரூன்றிய ஒரு சமூகம் சில மாதங்களில் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியது. 1940 ஜூனில் சோவியத் படைகள் எஸ்தோனியாவை முழுமையாகப் பிடித்தன. அந்தக் கோடையிலேயே பெரிய ஆலைகள் அரசுடைமையாயின. லூதர் ஆலையும் அவற்றில் ஒன்று. 1877இல் தொடங்கிய குடும்ப உடைமை 63 ஆண்டுகளில் முற்றுப் பெற்றது. போட்டியாலோ கடனாலோ வாரிசுச் சண்டையாலோ அது நிகழவில்லை. எல்லைக்கோடு நகர்ந்ததால் நிகழ்ந்தது.

உடைமை கைமாறிய பிறகும் வேலை நின்றுவிடவில்லை. சோவியத் காலத்தில் அதே இடத்தில் அரசின் ப்ளைவுட், மரச்சாமான் ஆலை இயங்கியது. 1991இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றபின் அது தனியார் கைக்குப் போனது. பழைய ஆலைக் கட்டடங்கள் இப்போது குடியிருப்பாகவும் அலுவலகமாகவும் மாறியிருக்கின்றன. அந்தப் பகுதிக்கு லூதர் பெயரே நிலைத்துவிட்டது. யூரி கெர்மிக் என்ற எஸ்தோனிய ஆய்வாளர் 1877 முதல் 1940 வரையான ஆலையின் வரலாற்றை நூலாக எழுதியிருக்கிறார். வெனெஸ்டா என்ற பெயர் பிரிட்டனில் கழிவறைத் தடுப்புகள் செய்யும் நிறுவனத்தின் பெயராக இன்றும் வாழ்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பால்டிக் பலகை வருவது நின்றபோது தேயிலை நாடுகள் தங்கள் காடுகளைத் திரும்பிப் பார்த்தன. இந்தியாவில் ப்ளைவுட் தொழிலின் முதல் பெரிய சந்தையே தேயிலைப் பெட்டிதான். அசாமிலும் கேரளத்திலும் ஆலைகள் அதை நம்பி எழுந்தன. கண்ணூர் அருகே வளபட்டணத்தில் 1945இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா ப்ளைவுட்ஸ் அவற்றுள் பெயர் பெற்றது. சுதந்திர இந்தியாவின் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட வரையறைகளின் வரிசையில் 10ஆம் எண் ப்ளைவுட் தேயிலைப் பெட்டிக்குரியது. அந்தப் பெட்டிக்கு நாடு கொடுத்த இடம் அதிலிருந்தே விளங்கும். இலங்கையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலி அருகே கிந்தோட்டையில் அரசு ப்ளைவுட் ஆலை எழுந்தது. பின்னர் கொஸ்கமவில் பெரிய ஆலை ஒன்று திட்டமானது. அதற்கு மரம் கொடுக்க 1972இல் சிங்கராஜா மழைக்காட்டில் எந்திரங்கள் நுழைந்தன. மக்களும் அறிவியலாளர்களும் விடாமல் எதிர்த்ததால் 1977இல் மரவெட்டு நின்றது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமை இடமானது. பிர்ச் போல எளிதில் மறுபடி முளைத்து வளரும் மரமல்ல மழைக்காட்டு மரம். வெளியிலிருந்து வந்த ஒரு மெல்லிய பலகை அதுவரை எவ்வளவு காட்டைக் காத்து நின்றது என்பது அது வராமல் போன பிறகே தெரிந்தது.

தேயிலைப் பெட்டியின் காலமும் முடிந்துவிட்டது. பல அடுக்குக் காகிதப் பைகளும் இரும்புக் கொள்கலன்களும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. தேயிலையின் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் துரைமாரையும் கங்காணிகளையும் கொழுந்து பறித்த கைகளையும் எழுதியிருக்கிறார்கள். அது எழுதப்பட வேண்டிய வரலாறு. ஸ்டோருக்குள் பெட்டி முடுக்கியவர்களும், அந்தப் பலகை வந்த வழியும், அது நின்றபோது விழுந்த மரங்களும் அந்த வரலாற்றின் பகுதிகளே. லூதர் குடும்பத்தின் உடைமையை ஓர் அரசாணை ஒரே கோடையில் முடித்து வைத்தது. மரத்தாளை எந்தக் கனத்தில் உரிப்பது, எந்தத் திசையில் அடுக்குவது, எந்தப் பசையில் ஒட்டுவது என்று அந்த ஆலையில் தலைமுறைகளாகத் திரண்ட அறிவை எந்த ஆணையும் பறிமுதல் செய்யவில்லை. குடும்பத் தொழில் ஒன்று உலகுக்கு விட்டுச்செல்லும் நிலையான சொத்து அந்த அறிவுதான்.